ஏசுகிற ஆளைத் தேடிப் போனது

இந்தக் காலத்து ஆட்களுக்கு வேலை தெரிகிறதோ இல்லையோ, செய்த வேலையைப் படம் பிடித்துக் காட்டத் தெரியும். போனை நீட்டினால் மாபிள் போட்ட குளியலறை வரும், மினுங்குகிற குழாய் வரும். அது ஆருடைய வீடு, ஆர் கட்டியது என்று எனக்கு எப்படித் தெரியும்? அப்படிப் படம் காட்டிய ஒருவனை நம்பித்தான் என் வீட்டுப் பின்சுவரை உடைக்க விட்டேன். மூன்றாம் நாளே வேறு வேலைக்குப் போய்விட்டான். போனும் எடுப்பதில்லை. சுவர் இருந்த இடத்தில் இப்போது பிளாஸ்டிக் தறப்பாள் தொங்குகிறது.

என் மனுசி அன்னபாக்கியம் சித்திரையில் விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டாள். எங்கள் கக்கூசு வளவின் கடைசியில் இருக்கிறது. அவளால் அவ்வளவு தூரம் நடக்க ஏலாது. வீட்டோடு ஒட்டி ஒன்று கட்டும் வரைக்கும் அவள் வவுனியாவில் மகள் ஜெயரூபியோடுதான். மாரி மழை தொடங்கினால் எங்கள் புளியங்குளப் பக்கத்தில் தை வரைக்கும் அத்திவாரம் வெட்ட முடியாது. வெட்டின கிடங்கில் மீன் பிடிக்கலாம்.

"தை வரைக்கும் நான் இஞ்ச இருக்கமாட்டன். தறப்பாளுக்குள்ள எண்டாலும் வந்து கிடக்கிறன்," என்று போனில் அழுகிறாள்.

மகள் விசாரித்து, சிவகரன் என்ற மேசனை அனுப்பினாள். நாற்பது வயது இருக்கும். வந்ததும் அவனும் போனை எடுத்தான்.

"தம்பி, அதை உள்ளுக்கு வையும்," என்றேன். "உம்மைப் புகழுற ஆக்களும் எனக்கு வேண்டாம். உம்மைக் கண்டபடி ஏசுற ஆள் ஒராளைச் சொல்லும். நான் போய்க் கதைக்கிறன்."

தலையைச் சொறிந்தான். "ஓம், ஒராள் இருக்கு. கனகராயன்குளத்து வீரையா அண்ணை. சாப்பிட்டிட்டுப் போங்கோ ஐயா, அவர் தொடங்கினா லேசில விடமாட்டார்."

"எப்ப வேலை தொடங்குவீர்?"

"அதுதான் கரைச்சல். வாற கிழமை ஒரு வீட்டில சமைக்கிற குசினி கட்டித் தாறன் எண்டு சொல்லிப்போட்டன். அது முடிய மாரி வந்திடும். உங்களுக்குத் தைக்குப் பிறகுதான்."

"ரெண்டையும் ஒண்டாச் செய்யேலாதோ?"

"உங்கட சுவரை உடைச்சவனும் அப்பிடித்தான் செய்திருப்பான்."

வாய்க்காரன். இருந்தாலும் அடுத்த நாள் காலை பஸ் ஏறினேன்.

வீரையா முற்றத்தில் குந்தியிருந்து கச்சான் கொடியில் கடலை பிடுங்கிக்கொண்டிருந்தார். மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பம். என் வயது இருக்கும். சிவகரன் என்று வாயெடுத்ததும் கையிலிருந்த கொடியை எறிந்தார்.

"அந்தப் பயலா! நான் ஒரு லோடு மணல் எறக்கி வச்சேன். ஒரு போத்தல்ல மணலும் தண்ணியும் போட்டுக் குலுக்கி, 'பாருங்க, பூரா சேறு'ன்னான். தொடவே மாட்டேன்னுட்டான். அந்தா, அது மேலதான் ஆடு படுத்திருக்கு. மகளுக்குக் கல்யாணம், அதுக்குள்ள செவுத்தப் பூசித் தாடான்னேன். இன்னும் காயலையாம், பூசினா வெடிக்குமாம்! கல்யாணம் முடிஞ்சுதான் பூசினான். ஆல்பம் பூரா மாப்பிள்ள பின்னால கல்லுதான் தெரியுது."

மனைவி சுப்பம்மா தேநீரோடு வந்தார். "பக்கத்துல நிக்கிற இவரு மூஞ்சிக்கு அந்தக் கல்லு எவ்வளவோ தேவலை."

நான் எழும்பிப் போய் நகத்தால் பூச்சைச் சுரண்டினேன். மூலை மூலையாக வெடிப்புத் தேடினேன். குளியலறைக்குள் போய் ஒரு வாளி தண்ணீரைத் தரையில் ஊற்றினேன். எங்கும் தேங்காமல் நேரே ஓட்டைக்குப் போனது.

"என்னா பெரியவரே, அடுத்தவன் வீட்டுல கேக்காம தண்ணிய ஊத்துறீங்க?" என்று வீரையா முற்றத்திலிருந்து கத்தினார்.

"சிவகரன் உங்களுக்குச் சொந்தமோ?" என்று கேட்டேன்.

"சொந்தமா? அவன் மூஞ்சியிலயே முழிக்க மாட்டேன்!"

"ஆமா," என்றார் சுப்பம்மா. "அதான் வர்ற கெழம குசினி கட்டவும் அவனையே கூப்பிட்டிருக்காரு."

வீரையா கச்சானுக்குள் குனிந்துகொண்டார். "வேற எவன் ஒழுங்கா கட்டுறான்," என்று முணுமுணுத்தார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அன்னபாக்கியத்தை மகள் வீட்டில் கிடத்தி வைத்திருப்பது இந்தக் குசினிதானா! வாயில் வந்தபடி எல்லாவற்றையும் சொன்னேன். இடுப்பையும் சொன்னேன், தறப்பாளையும் சொன்னேன், அவள் அழுவதையும் சொன்னேன்.

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். "அந்தம்மா நடக்குறாங்களா?" என்று சுப்பம்மா கேட்டார். தடியோடு நாலு எட்டு என்றேன்.

வீரையா போனை எடுத்தார். முதலில் சிவகரனை நன்றாக ஏசினார். மணல், ஆல்பம், ஒன்றும் மிச்சமில்லை. பிறகு, "நம்ம குசினி தை வரைக்கும் கெடக்கட்டும். இந்தப் பெரியவரு வேலைய மொதல்ல பாரு," என்று சொல்லிப் போனை என்னிடம் நீட்டினார்.

"ஐயா, திங்கட்கிழமை விடிய வாறன்," என்றான் சிவகரன். "மணல் மட்டும் நீங்கள் எடுக்காதேங்கோ. நான் பாத்து எடுக்கிறன்."

சுப்பம்மா ஒரு பை கச்சானைக் கையில் திணித்தார். றோட்டுக்கு வந்து மகளுக்குப் போன் எடுத்துச் சொன்னேன்.

"அம்மாட்டச் சொல்லட்டே அப்பா?"

"சொல்லாதை. அவன் முதல் வந்து நிக்கட்டும்."

அவள் சொல்லத் தேவையில்லாமல் போயிற்று. "என்ர சீலையளை எடுத்து அடுக்கு பிள்ளை," என்று போனுக்குள் மகளுக்குப் பின்னால் அன்னபாக்கியத்தின் குரல் கேட்டது. நான் போனை வைத்துவிட்டேன்.

முன்பின் தெரியாதவனுக்கு ஒருவன் தன் முறையை ஏன் விட்டுத்தர வேண்டும்? இந்தக் கிழவன் போய்க் கெஞ்சுவான், அந்த மனுசன் இரங்குவார் என்று முதலே யோசித்துத்தான் சிவகரன் என்னை இங்கே அனுப்பினானோ? அவ்வளவு யோசிக்கிறவனை எப்படி நம்புவது? திங்கட்கிழமை வரட்டும் பார்ப்போம் என்று பஸ் தரிப்பிடத்துக்கு நடந்தேன்.