நின்றபடி ஊற்றிய பியர்

கல்யாணம் முடிந்து மூன்றாம் நாள். வாடகைக் கதிரைகளைக் காலையில் ஏற்றிப் போய்விட்டார்கள். மகள் ஷெறினை மாப்பிள்ளை வீட்டார் நேற்றே சிலாபத்துக்குக் கூட்டிப்போயிருந்தார்கள். வீட்டில் மிச்சம் டொறத்தியும் அவள் புருஷன் பஸ்தியானும்தான்.

கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று எழும்ப இன்னும் மூன்று கிழமையாவது இருந்தது. கற்பிட்டியில் ஓர் ஓலைகூட அசையவில்லை. டொறத்தி பின் விறாந்தையில் வீங்கிய கால்களை நீட்டிக்கொண்டு இருந்தாள். கழுவாத சட்டிகள் கிணற்றடியில் குவிந்து கிடந்தன. எழும்ப மனமில்லை.

நாளை இரவு பஸ்தியான் இத்தாலிக்குப் போகிறார். பத்தொன்பது வருஷமாக அங்கே ஒரு பீட்சாக் கடையில் பரிமாறுகிற வேலை. அங்கே தங்கி வேலை செய்ய விடுகிற கார்ட் இந்த மாதத்தோடு முடிகிறது. போய்ப் புதுப்பித்தால் இன்னும் ஐந்து வருஷம். போகாவிட்டால் பிறகு போகவே முடியாது. போக வேண்டாம் என்று சொல்ல டொறத்தி மூன்று கிழமையாக நேரம் பார்த்தாள். கல்யாண வேலை விடவில்லை. இன்றைக்கு நேரம் இருந்தது. வாய் வரவில்லை.

"ஐஸ் பெட்டிக்குள்ள ரெண்டு போத்தல் கிடக்குது. மருமகன்ட கூட்டாளி காய்ச்சின பியராம்" என்றாள்.

பஸ்தியான் போத்தலை எடுத்து லேபலை வாசித்தார். "பில்ஸ்னர்! இது வெயிலுக்கெண்டே செஞ்சது. நீயும் குடிக்கிறியா?"

"தாங்க. ஊர் பாக்கவா போகுது?"

அவள் இரண்டு கிளாஸ் எடுத்து, ஆளுக்கு நாலு ஐஸ் துண்டு போட்டு வைத்தாள். அவர் பதறிப்போனார்.

"ஐயோ, ஐஸ் போட்டிட்டியா! இதைக் கண்டா என்ட முதலாளி அழுதிடுவான்."

"நான் உங்கட முதலாளியக் கட்டல்லையே."

ஐஸைக் கொட்டி, அந்தக் குளிர்ந்த தண்ணீராலேயே கிளாஸை அலசினார். துவாயைத் தோளில் போட்டார். கிளாஸைச் சரித்துப் பாதி ஊற்றினார். நுரை அடங்கும் வரை நின்றார். பிறகு நிமிர்த்தி மிச்சத்தை விட்டார். மஞ்சள் வெயில் நிறத்தின் மேல் இரண்டு விரல் வெள்ளை நுரை நின்றது. கிளாஸுக்கு வெளியே வியர்த்தது.

டொறத்தி ஒரு வாய் குடித்தாள். நாக்கில் சுரீரென்றது. பேக்கரிப் பாண் கருகின வாசம் போல ஏதோ வந்தது. பிறகு ஒரு கசப்பு. குளிர் நெஞ்சு வரை நேரே இறங்கியது. மூன்று நாளாகத் தொண்டையில் ஒட்டியிருந்த புகை, எண்ணெய், பேச்சு எல்லாம் கழுவப்பட்ட மாதிரி இருந்தது.

"கசக்குது. ஆனா கசப்பு நிக்கல்ல."

"அதுதான் நல்ல பில்ஸ்னர். அடுத்த வாய் கேக்கும்."

கேட்டது. குடித்தாள். கண்ணை மூடித் திறந்தபோது அவர் மேசைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். கைகள் முதுகுக்குப் பின்னால். பார்வை அவளுடைய கிளாஸில்.

"வேற ஏதும் வேணுமா?" என்று கேட்டார். அது அவர் குரலே இல்லை.

டொறத்திக்குச் சிரிப்பு வந்து, பாதியில் நின்றுவிட்டது. "குந்துங்களன்."

"ஓம், ஓம்." அவர் உட்காரவில்லை. மேசையில் கிளாஸ் விட்ட ஈர வட்டத்தைத் துடைத்தார்.

"அங்க கடையில கதிரை இல்லையா?"

"இருக்குது. வாற ஆக்களுக்கு."

"அப்ப நீங்க எங்க குந்துவீங்க?"

அவர் யோசித்தார். "பஸ்ஸில. இடம் கிடைச்சா."

டொறத்தி போனை எடுத்தாள். மருமகன் அனுப்பிய கல்யாணப் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிக் காட்டினாள். ஒன்றில் அவர் பலகாரத் தட்டோடு நின்றார். ஒன்றில் யாரோ சாப்பிட்ட பீங்கானைத் தூக்கிக்கொண்டு போனார். குடும்பமாக எடுத்த படத்தில் அவர் இல்லவே இல்லை.

"பொண்ணுட அப்பா ஓடியாடிப் பாக்குறார் எண்டு எல்லாரும் சொன்னாங்க. நானும் அப்படித்தான் நினைச்சன்." கிளாஸைக் கீழே வைத்தாள். "போகாதீங்க."

"இஞ்ச நிண்டு என்ன செய்யிறது? இனி வலை இழுக்க ஏலாது. வெங்காயத் தோட்டம் தெரியாது. தெரிஞ்சது இது ஒண்டுதான்." கிளாஸைக் காட்டினார்.

"நான் வேலையாள் கேக்கல்ல. ஒரு வேளைச் சோறு எனக்கு முன்னால குந்தித் தின்னுற ஆளக் கேக்கிறன்."

அவர் போனை வாங்கிப் பீங்கான் தூக்கிய படத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

வாசலில் ஹோர்ன் அடித்தது. பக்கத்து ஒழுங்கை வேன்காரன் நஸீர். தலையை உள்ளே நீட்டினான். "அண்ணன், நாளைக்கு எயாபோர்ட்டுக்கு எத்தின மணிக்கு எடுக்கிற? சொன்னா இப்பவே பாலாவியில டீசல் அடிச்சிட்டு வந்திடுவன்." அவன் கண் மேசைக்குப் போனது. "என்னக்கா, முகமெல்லாம் சிவந்திருக்குது?"

"வெயில்டா."

"வெயிலுக்கு நுரையும் வருமா?"

டொறத்தி பஸ்தியானைப் பார்க்கவில்லை. கேட்க வேண்டியதைக் கேட்டாகிவிட்டது. இனிக் கெஞ்ச உடம்பில் தெம்பு இல்லை.

"நாளைக்கு வேணாம் நஸீர்" என்றார் பஸ்தியான்.

"அப்ப நாளண்டைக்கா?"

"நாளண்டைக்கும் வேணாம். வேற ஹயர் வந்தா எடு."

நஸீர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். அதற்குமேல் கேட்காமல், "சரி அண்ணன்" என்று போய்விட்டான்.

பஸ்தியான் கதிரையை இழுத்து அவளுக்கு எதிரே உட்கார்ந்தார். முழங்கால் இரண்டும் சத்தம் போட்டன. டொறத்தி மற்றப் போத்தலைத் திறந்து அவருக்கு ஊற்றினாள். முக்கால் கிளாஸ் நுரை. அவர் கை தானாக நீண்டது. பிறகு மடங்கி மடிக்குப் போனது.

"எனக்குப் பயமா இருக்குது டொறத்தி."

"எனக்கும்தான்" என்றாள். "முதல் குடிங்க. சூடாகிடும்."