கறை படாத தாள்

என் தம்பி சிறைக்குப் போனதற்கு என் கையும் காரணம், என் வாயும் காரணம். கை செய்த தப்பைத் திருத்த ஒரு வழி இருந்தது. அந்த வழியையும் என் வாயே போய் அடைத்துவிட்டு வந்தது. இதை நான் யாரிடமும் மறைத்ததில்லை. மறைத்து என்ன ஆகப்போகிறது?

காவல் நிலையத்துக்கு நேர் எதிரே என் தையல் கடை. ஒரு மெஷின், துணி வெட்ட ஒரு மேஜை, இரண்டு ஸ்டூல், அவ்வளவுதான். என் வாடிக்கையாளர்களில் முக்கால்வாசிப் பேர் போலீஸ்காரர்கள். தோள்பட்டையில் நட்சத்திரம் தைப்பேன், பெயர்ப்பட்டி தைப்பேன், தொப்பை போட்டவர்களுக்குச் சட்டையைப் பிரித்துத் தளர்த்திக் கொடுப்பேன். அந்த நிலையத்தில் யாருக்கு எத்தனை அங்குலம் ஏறியிருக்கிறது என்பது அவரவர் வீட்டுக்காரிக்குத் தெரிவதற்கு முன்னால் எனக்குத் தெரிந்துவிடும்.

போலீஸ் ஒரு வீட்டைச் சோதனை போட வேண்டுமென்றால், அந்த வட்டாரத்தில் இருக்கும் பொது ஆள் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். எடுத்த பொருளையெல்லாம் ஒரு பட்டியலாக எழுத வேண்டும். அந்த இரண்டு பேரும் கண்ணால் பார்த்து, அடியில் கையெழுத்துப் போட வேண்டும். போலீஸே எதையாவது கொண்டுபோய் வைத்துவிட்டு, அங்கே எடுத்தோம் என்று சொல்லக் கூடாது அல்லவா? அதற்காகத்தான் இந்த ஏற்பாடு. சட்டம் எழுதியவன் புத்திசாலி. எங்கள் தெருவை மட்டும் அவன் பார்க்கவில்லை.

சாட்சிக்கு ஆள் தேடி ஒரு போலீஸ்காரர் வெளியே தலை நீட்டினால் போதும், தெருவில் எல்லாருக்கும் அவசர வேலை வந்துவிடும். ஷட்டர்கள் வரிசையாக இறங்கும். சைக்கிள் ஸ்டாண்டுக்காரர் ஒருவர்தான் கூப்பிட்ட குரலுக்கு ஓடுவார். அவருக்குப் பொழுது போக வேண்டும். இன்னொரு ஆள் நான். சீருடை வேலையை வைத்துப் பிழைக்கிறவள் முடியாது என்று சொல்ல முடியுமா?

முதல் தடவை நிஜமாகவே போனேன். ஒரு வீட்டில் அலமாரியைக் கவிழ்த்துக் கொட்டினார்கள். நான் ஒவ்வொன்றாக எண்ணினேன். பட்டியலில் மூன்று செல்போன் என்று எழுதியிருந்ததைப் பார்த்து, "ரெண்டுதானே எடுத்தீங்க, மூணாவது எங்க இருந்து வந்துச்சு?" என்று நடுவீட்டில் நின்று கேட்டேன். நிலையத்து எழுத்து வேலையெல்லாம் பார்க்கும் ரைட்டர் சிரித்துக்கொண்டே அடித்துத் திருத்தினார். அடுத்த தடவை அவர் என்னைக் கூப்பிடவில்லை. தாளை எடுத்துக்கொண்டு கடைக்கே வந்துவிட்டார்.

"எதுக்குக்கா கடையப் பூட்டிட்டு அலையுறீங்க? கையெழுத்த மட்டும் போட்டுக் குடுங்க. நான் நெரப்பிக்கிறேன்."

எனக்கு அது உதவி மாதிரிதான் பட்டது. பாதி தைத்த சட்டையை மெஷினில் விட்டுவிட்டு ஊர்வலம் போக யாருக்குப் பிடிக்கும்? போட்டுக் கொடுத்தேன். பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. நீதிமன்றத்தில் கூப்பிட்டபோதெல்லாம் போய், நேரில் பார்த்துத்தான் கையெழுத்துப் போட்டேன் என்று சத்தியம் செய்துவிட்டு வந்தேன். பதினோரு வழக்கு. அந்தப் பதினோரு பேரின் முகம்கூட எனக்கு ஞாபகமில்லை என்று சொன்னால் நம்புவீர்களா? கூண்டைப் பார்க்காமல் சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பேன். கடைக்கு எப்போது திரும்பலாம் என்பதுதான் என் கவலை.

போன வருடம் அணிவகுப்பு வந்தது. நிலையம் முழுக்கப் புதுச் சட்டை, எல்லாம் என் தலையில். மெஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்த நேரத்தில் ரைட்டர் வந்து ஐந்து தாள்களை நீட்டினார்.

"மொத்தமாப் போட்டு வச்சிருங்கக்கா. உங்க வேலைக்கு நடுவுல வந்து தொந்தரவு பண்ண வேணாம்னு பார்க்குறேன்."

முதல் தாளில் போட்டேன். பிடித்துக்கொண்ட இடது கைக் கட்டைவிரலில் இருந்த எண்ணெய், தாளின் நடுவில் கறுப்பாக அப்பிவிட்டது. ரேகைகூடத் தெரிந்தது.

"என்னக்கா, கவர்மென்ட் பேப்பர்ல பொட்டு வச்சிட்டீங்க?"

எனக்கு வெட்கமாகிவிட்டது. துணியில் கறை படாமல் வேலை செய்கிறவள் என்று பெயர் எடுத்தவள் நான். எழுந்துபோய் சோப்புப் போட்டுக் கை கழுவி, துடைத்து, தையல் சாக்பீஸ் பொடியும் தடவிக்கொண்டு வந்து மற்ற நான்கிலும் பளிச்சென்று போட்டுக் கொடுத்தேன். கறை பட்ட தாளைக் கிழிக்கப் போனேன். "வேணாம்க்கா, இதுவும் ஆகும்" என்று ஐந்தையும் மடித்து எடுத்துக்கொண்டு போனார்.

இரண்டு மாதம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை என் தம்பியைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அவன் எரிந்துபோன மோட்டாருக்குத் தாமிரக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிறவன். இரண்டு தெரு தள்ளி வீடு, வீட்டின் முன்னறையிலேயே பட்டறை. எங்கேயோ மின்சாரக் கேபிளை அறுத்துத் தாமிரத்தைத் திருடிவிட்டார்கள். தாமிரம் என்றால் காயில் கட்டுகிறவன்தானே? பஸ் நிறுத்தத்தில் நின்றவனை அப்படியே ஜீப்பில் ஏற்றினார்கள்.

மறுநாள் மதியம் அவன் மனைவி கடைக்கு வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. கையில் நிலையத்தில் கொடுத்தனுப்பிய ஒரு ஜெராக்ஸ் தாள்.

"அண்ணி, எங்க வீட்டுக்கு யாருமே வரல. நான் நேத்து முழுக்க வீட்டுலதான் இருந்தேன். ஆனா கட்டிலுக்கு அடியில இருந்து ஒரு மூட்டை தாமிரம் எடுத்ததா இதுல எழுதியிருக்கு. நீங்க பார்த்ததா கையெழுத்து இருக்கு."

வாங்கிப் பார்த்தேன். இருபத்திரண்டு கிலோ. கட்டிலுக்கு அடியில். சாட்சி ஒன்று, சைக்கிள் ஸ்டாண்டுக்காரர். சாட்சி இரண்டு, நான். ஆனால் தாளின் நடுவில் கறுப்பாக ஒரு கறையும் இருந்தது. என் எண்ணெய்க் கட்டைவிரல். அதன் மேல் ரைட்டரின் பேனா மை ஓடவில்லை. 'கட்டிலுக்கு' என்ற சொல்லில் பாதி எழுத்து உடைந்து உடைந்து கிடந்தது. கறைக்குப் பிறகுதான் எழுத்து வந்திருக்கிறது என்று கண் இருக்கிற யாருக்கும் தெரியும். நான் வெற்றுத் தாளில்தான் கையெழுத்துப் போட்டேன் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

அந்தத் தாளை எடுத்துக்கொண்டு நான் வக்கீலிடம் போயிருக்க வேண்டும். நேராகச் சாலையைக் கடந்தேன்.

உள்ளே தம்பியின் விரலில் மை தடவி ரேகை எடுத்துக்கொண்டிருந்தார்கள். வார்னிஷிலும் கம்பியிலும் தேய்ந்த விரல். ஒரு விரலிலும் ரேகை ஒழுங்காக விழவில்லை. ஒரு போலீஸ்காரர் மூன்றாவது தடவையாக அழுத்திப் பிடித்து உருட்டினார். "வேணும்னே அழிச்சிருக்கான். பழைய கை" என்றார் பக்கத்தில் இருந்தவரிடம். தம்பி என்னைப் பார்த்ததும் எழப் பார்த்தான்.

"அக்கா, நீ வந்து பார்த்ததா சொல்றாங்க. நீ எப்போக்கா வந்த?"

அவன் சந்தேகப்பட்டுக் கேட்கவில்லை. நான் வந்திருந்தால் ஏன் ஒரு வாய் சாப்பிடாமல் போனேன் என்று கேட்கிற மாதிரிதான் கேட்டான். எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது.

"யோவ் ரைட்டர்! இவன் என் கூடப்பொறந்தவன்யா!"

ரைட்டர் நிமிர்ந்தார். அவர் முகத்தில் நிஜமான வருத்தம் தெரிந்தது. அதையும் சொல்ல வேண்டும். "அய்யய்யோ, தெரியாதேக்கா. ஒரு வார்த்தை முன்னாடியே சொல்லியிருக்கலாமே. இப்போ எல்லாம் மேல போயாச்சு, பேரு ஏறிடுச்சு. இனி மாத்த முடியாதே."

"மாத்த வேணாம். நான் மாத்துறேன். கோர்ட்டுல வந்து சொல்றேன். வெறும் தாள்ல வாங்கிட்டுப் போனீங்கன்னு சொல்றேன். நம்ப மாட்டாங்கன்னு நெனைக்காதே. என் விரல் எண்ணெய் இருக்கு பாரு, அதுமேல உன் மை ஓடவே இல்ல. ஒரிஜினல எடுத்து வெளிச்சத்துல பிடிச்சா உன் வேலை போயிடும்!"

"அப்படியாக்கா? எங்க, காட்டுங்க."

காட்டினேன். விரலை வைத்துக் காட்டினேன், இந்த எழுத்து, இந்த எழுத்து என்று. அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பொறுமையாகப் பார்த்தார். "ஆமாக்கா" என்றார். தாளை மரியாதையாக என்னிடமே திருப்பிக் கொடுத்தார். நான் அவர் வாயை அடைத்துவிட்டேன் என்ற பெருமையோடு சாலையைக் கடந்து வந்தேன்.

சாயங்காலம் வக்கீலம்மாவிடம் போனோம். தாளைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. "இது போதும். ஒரிஜினல்ல கறை இருந்தா கேஸே நிக்காது" என்றார். தம்பி மனைவி முதல் தடவையாக அழுதாள். பிறகு வக்கீலம்மா கேட்டார்.

"இந்தக் கறை விஷயம் வேற யாருக்கும் தெரியாதே?"

ரைட்டரிடமே விரல் வைத்துக் காட்டிவிட்டு வந்ததைச் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"இது மாதிரி வெறும் தாள்ல இன்னும் எத்தனை போட்டுக் குடுத்திருக்கீங்க?"

"கடைசியா வாங்கிட்டுப் போனது இதோட சேர்த்து அஞ்சு."

"மிச்ச நாலுலயும் கறை இருக்கா?"

"இல்ல. கை கழுவிட்டுப் போட்டேன்."

"ஒரிஜினல் இன்னிக்குக் காலையிலேயே கோர்ட்டுக்குப் போயிருந்தா நல்லது. பார்ப்போம்" என்றார். அந்தப் 'பார்ப்போம்'-ஐ வைத்துக்கொண்டு நாங்கள் ஏழு மாதம் இருந்தோம். ஜாமீன் கிடைக்கவில்லை. நான் சீருடை எதையும் தொடவில்லை. தலையணை உறை தைத்தேன். காயில் பட்டறையில் யார் யாருடைய மோட்டாரோ பிரித்தபடி கிடந்தது, ஒவ்வொருவராக வந்து திட்டிவிட்டு எடுத்துக்கொண்டு போனார்கள்.

விசாரணை நாளில் சைக்கிள் ஸ்டாண்டுக்காரர் முதலில் ஏறினார். கட்டில் இரும்புக் கட்டில், மூட்டை பச்சை மூட்டை என்று பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி ஒப்பித்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். இந்தத் தடவை கடிகாரத்தைப் பார்க்கவில்லை. கூண்டில் தம்பியைப் பார்த்தேன். இளைத்திருந்தான். சட்டை தோளில் தொங்கியது. இரண்டு அங்குலம் பிடிக்க வேண்டும் என்று கை தானாகக் கணக்குப் போட்டது.

அரசு வக்கீல் அந்தத் தாளை என் கையில் கொடுத்தார். ஒரிஜினல்.

வெள்ளை வெளேர் என்று இருந்தது. இருபத்திரண்டு கிலோ, கட்டிலுக்கு அடியில், அதே வரி, அதே இடத்தில் மடக்கிய எழுத்து. ஒரு புள்ளி கறை இல்லை. அடியில் என் கையெழுத்து, சோப்புப் போட்டுக் கழுவிய கையால் போட்டது.

"இது உங்க கையெழுத்துதானா?"

"கையெழுத்து என்னோடதுதான். ஆனா இது வேற தாளுங்க. அதுல என் விரல் கறை இருந்துச்சு."

எங்கள் வக்கீலம்மா எழுந்து ஜெராக்ஸை நீட்டினார். நீதிபதி இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ரேகை ஏதாவது தெரிகிறதா என்று கேட்டார். ஜெராக்ஸில் அது வெறும் கறுப்பாகத்தான் இருந்தது. அரசு வக்கீல் சிரித்தார். "மெஷின் அழுக்குங்க. எங்க ஆபீஸ் ஜெராக்ஸ்லயும் இப்படித்தான் விழுது."

பிறகு என் பக்கம் திரும்பினார்.

"அந்த வீட்டுக்கு நீங்க போகவே இல்லையா?"

"போகல. எந்த வீட்டுக்கும் போகல. முதல் வீட்டைத் தவிர."

"பதினோரு வழக்குல இதே கூண்டுல நின்னு, நேர்ல பார்த்தேன்னு சத்தியம் பண்ணியிருக்கீங்க. அது பொய்யா, இது பொய்யா?"

"அதுதான் பொய்."

"குற்றம் சாட்டப்பட்டவர் உங்களுக்கு என்ன உறவு?"

"என் தம்பி."

"அவ்வளவுதான்" என்று அவர் உட்கார்ந்தார். சுவரோரம் ரைட்டர் தலை குனிந்து நின்றார். அவர் போட்டிருந்த சட்டை நான் தைத்தது.

ஒன்றரை வருடம். தம்பி மேல் உள்ள பாசத்தில் சாட்சி பல்டி அடித்துவிட்டார், அவருடைய முந்தைய சாட்சியங்களே அவர் நம்பகமானவர் என்று காட்டுகின்றன, எனவே கையெழுத்தை நம்பலாம், இப்போது சொல்வதை நம்ப முடியாது என்று தீர்ப்பில் எழுதியிருந்தது. வக்கீலம்மா அதை வாசித்துக் காட்டியபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தம்பி மனைவி என்னைப் பார்த்த பார்வையில் அதுவும் நின்றது. மேல்முறையீடு போட்டிருக்கிறது. அதற்கும் அந்த ஒரே ஜெராக்ஸ் தாள்தான்.

போன வாரம் அவனைப் பார்க்கப் போயிருந்தேன். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் நின்றான். பட்டறைச் சாவி, பிள்ளைக்குக் காய்ச்சல் என்று எதையெதையோ பேசினோம். மணி அடிக்கப் போகிற நேரத்தில் கேட்டான். குரலில் கோபமே இல்லை; அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

"ஏன்க்கா, இத்தனை வருஷம் அவங்களுக்காகப் பொய் சொன்ன. எனக்காக ஒண்ணே ஒண்ணு சொல்லியிருக்கக் கூடாதா? அது என் கையெழுத்தே இல்லன்னு?"

அந்தக் கூண்டில் நின்று இனி ஒரு பொய்கூடச் சொல்லக் கூடாது என்று நினைத்துக்கொண்டுதான் போனேன் என்று சொன்னால், அது அவனுக்கு என்ன பிரயோஜனம்? மணி அடித்துவிட்டது. அவனைத் தோளில் தொட்டுத் திருப்பிக் கூட்டிக்கொண்டு போனார்கள்.

சிறை வாசலில், பார்க்க வந்தவர்களுக்கான பதிவேட்டில் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். ரைட்டரிடம் மிச்சம் மூன்று தாள் இருக்க வேண்டும். திருப்பிக் கேட்டதற்கு, "எந்தத் தாள்க்கா?" என்றுவிட்டார். கடைக்கு எதிரே ஜீப் கிளம்பும்போதெல்லாம் இன்றைக்கு யார் வீடோ என்று வாசலுக்கு வந்து நிற்கிறேன். பதிவேட்டுப் பேனாவைக் கையில் வாங்கி, பெயர், தேதி, நேரம் எல்லாக் கட்டமும் நிரப்பியிருக்கிறதா என்று மூன்று தடவை பார்த்தேன். பின்னால் வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். இனிமேல் பார்த்து என்ன? போட்டுவிட்டு வந்தேன்.