நான் பார்த்தால் மட்டும் விழும் புரோகிராம்

1

இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன் வாசகரே, நீங்களாகக் கண்டுபிடித்துப் பெருமைப்பட வேண்டாம்.

(கைவிட்ட தொடக்கம்: "ஜன்னலுக்கு வெளியே மழை..." எங்கள் அலுவலகத்தில் ஜன்னலே கிடையாது.)

என் மனைவியின் தம்பிக்கு இங்கே வேலை வாங்கிக் கொடுத்தவன் நான். மூன்றே வருடத்தில் குழுத்தலைவர் பதவிக்கு அவன் பெயர் அடிபட்டது. என் பெயரை யாரும் நினைக்கவில்லை. எனக்கு லேசாக வருத்த... இல்லை, வயிறு எரிந்தது.

2

மருத்துவமனையில் நோயாளிகளை வரிசைப்படி கூப்பிடும் டோக்கன் புரோகிராம் அவன் எழுதியது. அதைச் சோதிக்கும் வேலை என்னிடம் வந்தது. டீபக்கரில் ஓட்டினேன். புரோகிராமை வரிவரியாக நிறுத்தி உள்ளே என்ன நடக்கிறது என்று காட்டும் கருவி அது. பத்தாவது நிறுத்தத்தில் புரோகிராம் படுத்துவிட்டது. மறுபடி ஓட்டினேன், மறுபடி படுத்தது. என் வாழ்நாளில் ஒரு கிராஷ் இவ்வளவு இனித்ததில்லை.

"தம்பி எழுதினதுல தப்பா? நீங்க சரியா பாத்தீங்களா?" என்றாள் மனைவி, ராத்திரி வீட்டில் இதைச் சொன்னபோது.

அந்தக் கேள்விக்காகவே மேலாளருக்கு ஒரு மெயில் தட்டினேன்: "அடிப்படையே சரியில்லை. இவரை நம்பிக் குழுவை..." (மீதியை எழுதக் கூச்சமாக இருக்கிறது.) அனுப்பவில்லை.

3

மறுநாள் காலை, அக்கா சொல்லித் தெரிந்து, மச்சான் என் மேசைக்கு வந்தான். (அவனைத் திமிர் பிடித்தவனாகக் காட்ட இரண்டு பத்தி எழுதினேன். என் காபிக் கோப்பையையும் சேர்த்துக் கழுவி எடுத்து வந்திருந்தான், அது வந்து எல்லாவற்றையும் கெடுத்தது.)

"மாமா, டீபக்கர் இல்லாம ஓட்டிப் பாத்தீங்களா?"

"இல்ல."

ஓட்டினான். ஆயிரம் டோக்கன் போயிற்று, ஒன்றும் ஆகவில்லை.

பிறகு திரையோரத்தில் இருந்த என் கண்காணிப்புப் பட்டியலைப் பார்த்தான். அடுத்த டோக்கன் எண்ணைத் தெரிந்துகொள்ள, "அடுத்த டோக்கனை எடு" என்ற கட்டளையை அதில் போட்டு வைத்திருந்தேன். புரோகிராம் நிற்கும்போதெல்லாம் டீபக்கர் அதை இயக்கி எண்ணைக் காட்டும். காட்டும்போதே வரிசையில் ஒரு டோக்கன் காலி. வரிசையில் ஆள் உண்டா என்று அவன் புரோகிராம் ஒழுங்காகத்தான் சரிபார்த்தது. உண்டு என்று தெரிந்த அடுத்த வரியில் நான் நிறுத்துவேன், கடைசி ஆளை என் பட்டியல் எடுத்துவிடும். இல்லாத ஆளைக் கூப்பிடப் போய்ப் புரோகிராம் விழும்.

மச்சான் அந்த ஒரு வரியை அழித்தான்.

"நானும் இப்படி மாட்டியிருக்கேன் மாமா. விடுங்க, யார்கிட்டயும் சொல்ல வேணாம்."

கிண்டல் செய்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

4

முடிவு ஒன்று: மெயிலை அழித்தேன்.

முடிவு இரண்டு: மேலாளரிடம் நானே போய்... (வேண்டாம். நான் அவ்வளவு நல்லவன் இல்லை.)

இரண்டாம் பகுதியில் "அனுப்பவில்லை" என்று இருக்கிறதே, அதை அடித்துவிடுங்கள். அனுப்பிவிட்டேன். நீ அந்த வரியை அழித்தபோது மெயில் போய் ஓர் இரவு ஆகியிருந்தது. திருத்தி இன்னொன்று எழுத ஐந்து நிமிடம் போதும். எழுதவில்லை. பதவி வேறொருவருக்குப் போனது. ஏன் என்று உன்னிடம் யாரும் சொல்லவில்லை.

ஆமாம், உன்னிடம்தான். நான் எழுதுவதையெல்லாம் முதலில் படிப்பவன் நீதானே மச்சான்? முதல் பத்தியிலேயே வாசகரே என்று கூப்பிட்டது உன்னைத்தான்.

பதவி உனக்கு இல்லை என்று தெரிந்தபோது சந்தோஷப்பட்டேன். அதையும் மறைக்கவில்லை.

கீழே இடம் விட்டிருக்கிறேன். உன் அக்காவிடம் காட்டுவதற்கு முன் முடிவை நீயே எழுது.

5