தையலுக்கு விட்ட அரை அங்குலம்

அட்டையை வெட்டும்போது தையல்காரர் கைப்பழக்கத்தில் நாலு பக்கமும் தையலுக்கு அரை அங்குலம் விட்டுவிட்டார். புத்தகத்துக்குள் அடக்கமாக உட்கார வேண்டிய பக்கக்குறிகள் பக்கத்து வீட்டை எட்டிப்பார்க்கும் அளவுக்கு வளர்ந்து நின்றன. மேசையைச் சுற்றி இருந்த பிள்ளைகள் அதைப் பார்த்தார்கள். பிறகு மிளகைப் பார்த்தார்கள்.

மிளகு என்பது அவர் மனைவியின் மகளுக்கு வீட்டில் வைத்த பெயர். வயது ஒன்பது, காரத்துக்குக் குறைவில்லை. கல்யாணமாகி அவர் இந்த வீட்டுக்கு வந்து பல மாதமாகியும் அவள் அவரை எந்த முறை சொல்லியும் கூப்பிட்டதில்லை. அப்பா இல்லை, மாமா இல்லை, அங்கிள்கூட இல்லை. ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் சுவரைப் பார்த்து, "அம்மா சாப்பிடக் கூப்பிடறாங்க" என்பாள். ஒருநாள் சுவரே எழுந்துபோய்க் கைகழுவிவிட்டு வந்ததாகத் தையல்காரர் கடையில் சத்தியம் செய்தார். கேட்டவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். ஆனால் அவர் காது மட்டும் அந்த ஒரு வார்த்தைக்காகச் சோறு தண்ணீர் இல்லாமல் காத்துக் கிடந்தது.

பள்ளி நூலகத்துக்குப் பக்கக்குறி செய்துகொடுப்பதாக மிளகு வகுப்பில் வாக்குக் கொடுத்து, கூட்டாளிகளை வீட்டுக்கே அழைத்து வந்திருந்தாள். சொல்லிக்கொடுக்க வேண்டிய அம்மா நர்ஸ்; மாற்று ஆள் வராமல் ஆஸ்பத்திரியில் மாட்டிக்கொண்டாள். "நீங்களே பாத்துக்குங்க. பசங்க முன்னாடி அவ மூஞ்சி வாடாம இருந்தா போதும்" என்று போனில் சொன்னாள். மனிதர் எத்தனையோ சட்டை தைத்தவர். வாடாத மூஞ்சி தைத்ததில்லை.

"இது புக்மார்க்கா, பெல்ட்டா?" என்றான் கண்ணாடி போட்ட பையன்.

"யானை படிக்கிற புக்குக்குடா," என்றாள் இரட்டைச் சடைக்காரி.

மிளகின் காதுமடல் சிவந்தது. நறுக்கிவிடலாமா என்று கத்தரிக்கோலை எடுத்தார். கை கேட்கவில்லை. தையலுக்கு விட்டதை வெட்டி எறிவது அவர் பரம்பரையில் கிடையாது. அட்டையின் ஓரத்தை உள்பக்கமாக மடித்தார், நகத்தால் அழுத்தினார், சன்னலோரம் இருந்த தையல் மிஷினில் வைத்து நீல நூலால் சுற்றி ஓட்டினார். அந்த மிஷின்தான் அவர் இந்த வீட்டுக்குக் கொண்டுவந்த ஒரே சீர். மேல்முனையில் பட்டன் துளை போட்டு நாடாவும் கோத்துவிட்டார். மேசை காலியானது. பிள்ளைகள் மிஷினை மொய்த்துக்கொண்டார்கள்.

"எனக்குப் பாக்கெட் வேணும். பென்சில் வைக்க," என்றான் கண்ணாடிக்காரன்.

"புக்கோட இடுப்பு அளவு சொல்லு."

"புக்குக்கு ஏது இடுப்பு?"

"என்னப்பா இப்படிக் கேக்கிற. படிக்கப் படிக்க குண்டாகும். எங்கிட்ட ஒரு அகராதி இருந்துச்சு, கடைசில கதவு வழியா வெளிய எடுக்க முடியல. அதுக்குத்தான் உள்ள அரை அங்குலம் விட்டிருக்கேன்."

பையன் நம்பி, தன் கணக்குப் புத்தகத்தைக் கவலையோடு முழம் போட்டான். இரட்டைச் சடைக்காரி மிளகின் தோளை இடித்தாள்.

"இவரு உனக்கு யாருடி?"

மிஷின் நின்றது. நூல் அறுந்துவிட்டது போலத் தையல்காரர் குனிந்து, கோத்திருந்த ஊசியிலேயே மறுபடி துளை தேடினார். தேடிக்கொண்டே இருந்தார்.

மிளகு ஒவ்வொரு விரலிலும் காய்ந்திருந்த பசையை உரித்தாள்.

"தள்ளி நில்லுங்கடி, வெளிச்சம் மறைக்குது," என்றாள். அப்புறம் அவர் பக்கம் திரும்பி, "இவங்களுக்கெல்லாம் முதல்ல தெச்சுக் குடுங்க. எனக்குக் கடைசியா போதும். நான் எங்க போகப்போறேன்."

சொல்லிவிட்டு அடுத்த அட்டையை எடுத்து, அவர் மடித்த மாதிரியே ஓரத்தை மடித்து, நகத்தால் அழுத்தி நீட்டினாள். மடிப்பு கோணலாக இருந்தது. அவர் சரிசெய்யவில்லை. அட்டையின் ஒரு முனையை அவள் பிடித்துக்கொள்ள, சக்கரத்தைக் கையாலேயே சுற்றினார். ஊசி ஒவ்வொரு தையலாக, கோணல் போன வழியே, போய்க்கொண்டிருந்தது.