எபிசுவைத் திருடியதை யாரும் பார்க்கவில்லை

1

இந்தக் கதை கிடைத்த விதத்தை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பூசாரி ஒகாபே, தான் எதையுமே பார்க்கவில்லை என்பதை என்னிடம் அரை மணி நேரம் விலாவாரியாக விவரித்தார்.

2

பனி மூடிய அந்த நள்ளிரவில், கரிய உருவம் ஒன்று...

(வேண்டாம். காலை எட்டு மணி. ஊர்ச்சனம் முழுக்க மீன் ஏலத்தில் இருந்தது.)

ஷிகெனோ பக்கத்து ஊர்க் கோயிலுக்கு வந்தது கும்பிட அல்ல, மீன்பாடு கொடுக்கும் எபிசு சாமியின் சிலையைத் திருட. எங்கள் கரையில் அது குற்றமில்லை. வலை காலியாகவே வந்தால், மீன்பாடு நன்றாயிருக்கும் ஊரின் எபிசுவைத் தூக்கிவரலாம். மீன் பட்டதும் சாகே மதுவோடு திருப்பி வைத்துவிட வேண்டும். ஒரே நிபந்தனை, தூக்கி வீடு சேர்க்கும்வரை யார் கண்ணிலும் படக்கூடாது. பட்டால் பலிக்காது.

அவள் கணவன் தாட்சுஸோ நாற்பது நாளாக வெறும் வலையோடு திரும்புகிறான். நாளையும் அப்படியென்றால் படகைத் தம்பியிடம் விட்டுவிட்டு ஒசாகாவில் மகள் வீட்டோடு போய்விடுவதாக முடிவு. பதினோராம் மாடி.

3

(முதலில் அவளைப் பயந்தவளாக எழுதினேன். பயந்தவள் கைவண்டியோடு வருவாளா?)

வண்டி வந்தது, சாமி வரவில்லை. கல் எபிசு முழங்கால் உயரம்தான், ஆனால் நன்றாகத் தின்று வளர்ந்த தொப்பை. பெருக்கிக்கொண்டிருந்த ஒகாபே அவளைக் கண்டதும் (அதாவது காணாததும்) முறைப்படி முதுகைக் காட்டி நின்றார்.

"பூசாரி ஐயா, இந்தப் பக்கம் பாக்காம ஒரு கை புடிக்கறீங்களா?"

அவர் துடைப்பத்திடம் பேசினார். "இங்க யாரும் இல்ல. அப்படி யாராச்சும் இருந்தா, சாமி கையைப் புடிச்சுத் தூக்கக் கூடாது. அதுல இருக்கற கல்லு மீன் உடைஞ்சுரும்."

பிறகு கண்ணை இறுக மூடிக்கொண்டு, பின்பக்கமாகவே நடந்துவந்து, சாமியின் இடுப்பைப் பிடித்தார். வண்டியில் ஏற்றியதும், "சனியன், என்னா கனம்," என்றாராம். சாமியைத்தான்.

ஷிகெனோ தார்ப்பாயைப் போர்த்தி ஓரங்களைச் செருகினாள். "அந்தப் பதினோராம் மாடியிலேருந்து கடலு தெரியாதாம், சாமி," என்றாள். "நான் செத்துருவேன்."

4

முடிவு இரண்டு எழுதி வைத்திருக்கிறேன். ஒன்றில் கானாங்கெளுத்தி வலை கிழியக் கிழியப் படுகிறது. இன்னொன்றில் ஷிகெனோ லிஃப்டுக்குள் கண்ணை மூடிக்கொண்டு...

இரண்டில் எதையும் போட முடியாமல் இருப்பதற்குக் காரணம் நீங்கள். ஒகாபே கண்ணை மூடிக்கொண்டார். நான் காதால் கேட்டதோடு சரி. அவள் கோயிலுக்குள் நுழைந்ததிலிருந்து வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருப்பது நீங்கள் ஒருவர்தான்.

வண்டி இப்போது பாலத்தில் ஏறுகிறது. நாளை விடிந்தால் தாட்சுஸோ கடலுக்குப் போக வேண்டும்.

கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பிக்கொள்ளுங்களேன்.