சத்திரத்துக் கிளி

எல்லாக் கிளிகளும் கழுத்தைத் திருப்பி வாசல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தன, கூரையிலிருந்து தரைவரைக்கும் கொடியைத் தொற்றிக்கொண்டு வரிசை வரிசையாகக் கிளி, சாம்பிளுக்கு ஒட்டிய பசை காயாததால் காகிதம் அங்கங்கே உப்பி, அவற்றின் வயிறு மூச்சு வாங்குவது மாதிரிகூட இருந்தது, பூங்கோதை ஷோரூமின் நடுவில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள், நின்றாள் என்ன, நிற்கிறாள், காலையிலிருந்து அங்கேயேதான் நிற்கிறாள், ஐம்பதைத் தாண்டியவளுக்குச் சுவரைப் பார்த்துத் தலை கிறுகிறுக்குமா, கிறுகிறுக்கிறது. வால்பேப்பர் வரைவதுதான் அவள் பிழைப்பு, கோயில் விதானம், பழைய சேலைத் தலைப்பு, அரண்மனைத் தூண் என்று எதையாவது பார்த்து அதன் பூவையும் கொடியையும் காகிதத்துக்குத் தோதாக மாற்றிக் கொடுப்பாள், அவள் வரைந்த யாளி எத்தனையோ பேர் வீட்டு டிவிக்குப் பின்னால் சமர்த்தாகப் படுத்திருக்கிறது. இந்தக் கிளி மட்டும் போய்ப் பார்த்து எடுத்ததில்லை, மனசிலிருந்தே வரைந்தது, தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு பழைய சத்திரம், ராஜா காலத்துக் கட்டடம், அதைப் பிற்பாடு பெண்பிள்ளைகள் ஹாஸ்டலாக்கியிருந்தார்கள், சுவரின் அடியோரம் நெடுக ஓடிய கிளிக்கொடியை ஒட்டித்தான் படிக்கிற வயதில் இவள் பாயை விரித்துப் படுத்தாள், மறக்குமா.

மறக்காது என்றுதான் இருந்தாள், இன்று காலை கம்பெனி மேனேஜர் பர்னபாஸ் ஒரு போட்டோவைக் கொண்டுவந்து நீட்டும்வரைக்கும். சத்திரத்தைப் புதுப்பிக்கிறவர்கள் அனுப்பியதாம், மேடம் இதக் கொஞ்சம் பாருங்க, ஒரு கிளிகூட திரும்பிப் பாக்கலையே, எல்லாம் நேராத்தானே பாக்குது, நாம கேட்லாக்ல அசல் சத்திரத்துக் கிளின்னு போடுறோம், சாயங்காலம் மெஷின்ல ஏத்தணும், ஒண்ணு கழுத்த நேராக்கிக் குடுங்க, இல்ல அப்படி ஒரு கிளி இருந்துச்சுன்னு விவரம் தெரிஞ்சவங்க யாராச்சும் சொல்லட்டும், என்றார், தப்பாகச் சொல்லவில்லை, மரியாதையாகத்தான் சொன்னார். கழுத்தை நேராக்குவது கம்ப்யூட்டரில் ஒரு நிமிஷ வேலை. ஆனால் அந்தக் கழுத்தை விட்டால் கமலவேணி எங்கே இருக்கிறாள், பக்கத்துப் பாயில் படுத்திருந்தவள், அவள் முகம் இவளுக்கு மறந்துபோய்விட்டது, வெட்கக்கேடு, எவ்வளவு முட்டிக்கொண்டாலும் நினைவுக்கு வரமாட்டேன் என்கிறது, ஒரு போட்டோ கிடையாது, மிச்சம் இருப்பது அவள் தலைமாட்டுச் சுவரில் திரும்பிப் பார்த்த அந்த ஒற்றைக் கிளி. அதுவும் இல்லையென்றால் வேறு என்னவெல்லாம் இல்லை, கமலவேணியாவது இருந்தாளா.

இருந்தாள், மழைக்காலம், ஹாஸ்டலில் மஞ்சள்காமாலை பரவுகிறது, அப்பா அம்மாமார் வந்து ஒவ்வொருத்தியாகக் கூட்டிக்கொண்டு போகிறார்கள், நீளமான அந்தக் கூடத்தில் கடைசியில் இரண்டே பாய், வாசலை ஒட்டிக் கமலவேணி, அவளுக்கு உள்பக்கம் பூங்கோதை, அதற்கப்பால் வெறும் தரை. பூங்கோதைக்குப் போக வீடு என்று ஒன்று இல்லை, சித்தப்பா வீட்டிலிருந்து யாரும் எட்டிப் பார்க்கவில்லை, கமலவேணிக்கு அப்பா இருந்தார், எங்கப்பா வந்துடுவாருடி, வந்தா நான் போயிடுவேன், என்று சொல்லிக்கொண்டே வார்டன் அம்மா அரைத்துக் கொடுத்த கீழாநெல்லியை மூக்கைப் பிடித்துக்கொண்டு குடிக்கிறாள், குடித்துவிட்டு, பூங்கோதை கண்ண முழிடி, உப்பில்லாத கஞ்சிய நான் மட்டும் குடிக்கணுமா, என்று இவளை உலுக்குகிறாள். இவளுக்குத்தான் காய்ச்சல் அதிகம், கண்ணைத் திறந்தால் சுவர் நகர்கிறது, கிளிகள் கொடியை விட்டு இறங்கி வார்டன் அம்மாவின் சாவிக்கொத்தைக் கடித்துத் தின்கின்றன, கமலவேணியின் கையில் ஒரு ஹேர்பின், சுவரைச் சுரண்டுகிற சத்தம், இல்லை, ஹேர்பின் இவள் கையில், இல்லை, சுரண்டவே இல்லை, பழைய ஓவியக்காரர் அந்தக் கிளியை அப்படித்தான் வரைந்திருந்தார், வாசலில் சொட்டச் சொட்டக் குடையோடு ஓர் ஆள் நிற்கிறார், நீங்க போங்கப்பா, இவ எந்திரிச்சு உக்காரட்டும், அப்பறமா வாங்க, என்று யாரோ சொல்கிறார்கள், சாவியைத் தின்ற கிளியாகக்கூட இருக்கலாம், காய்ச்சல் கனவுக்குக் கணக்கா வழக்கா. இவள் எழுந்து உட்கார்ந்தபோது பக்கத்துப் பாய் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. பாவம், அப்பா வருவார் வருவார் என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்து அவர் வருவதற்குள் செத்துப்போய்விட்டாள், அவள் கிளியும் வாசலையே பார்த்தது, இத்தனை வருஷமும் பூங்கோதைக்குத் தெரிந்த கதை இதுதான், வரையும்போதும் இந்தக் கதையைத்தான் வரைந்தாள்.

அதில் ஒரு கோளாறும் செய்துவைத்தாள், அது இப்போதுதான் உறைக்கிறது. வால்பேப்பரில் எதுவும் ஒரே ஒரு தடவை வர முடியாது, சின்னதாக ஒரு துண்டு வரைந்தால் மெஷின் அதையே திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டு போகும், அதனால் கொடியிலேயே நல்லதாக, பொதுவாக இருக்கிற கிளியைத்தான் எடுக்க வேண்டும், இந்தத் தொழிலுக்கு நேற்று வந்தவளுக்குக்கூட இது தெரியும், இவள் போய் ஊரோடு ஒட்டாத ஒன்றை எடுத்துத் துண்டாக்கிவிட்டாள், இப்போது பார், ஒருத்தி காத்திருந்தது போய் ஒரு சுவரே காத்திருக்கிறது. பொறுக்க மாட்டாமல், சத்திரத்தில் ஓவியங்களைப் புதுப்பிக்கும் ரெஜினாவுக்குப் போன் போட்டாள். திரும்பின கிளியாக்கா, இருந்துச்சே, ஒண்ணே ஒண்ணு, வாசல் ஓரமா, தரைக்கு மேல ஒரு முழத்துல, கம்பியோ ஹேர்பின்னோ வச்சு யாரோ கழுத்தச் சுரண்டித் திருப்பி, கரியால கண்ணு வச்சிருந்தாங்க, ஹாஸ்டல் பிள்ளைங்க வேலைன்னு சுண்ணாம்பு வச்சு அடைச்சு, மத்தது மாதிரி வரைஞ்சு விட்டுட்டோம். அடைத்துவிட்டார்களாம். பூங்கோதைக்கு அழுகையும் வந்தது, சந்தோஷமாகவும் இருந்தது, இருந்திருக்கிறது, நான் பைத்தியமில்லை, கமலவேணி, நீ இருந்தாய். ஆனா நீங்க ஒண்ணு மாத்திட்டீங்கக்கா, என்றாள் ரெஜினா, ஷோரூம் சுவர் போட்டோவ உங்க மேனேஜர் அனுப்பியிருந்தாரு, உங்க கிளிங்க வாசலுக்கு முதுகக் காட்டிட்டு உள்ள போகுது, அதனால திரும்பினா வாசலப் பாக்குது, அங்க சுவர்ல எல்லாக் கிளியும் வாசலப் பாத்துத்தான் போகுது, அது ஒண்ணுதான் திரும்பி உள்ள பாத்துது.

உள்ளே என்ன இருந்தது, உள்ளே யார் இருந்தார்கள், பூங்கோதை கண்ணை மூடிக்கொண்டு கூடத்தை மறுபடி விரிக்கிறாள், வாசல், வாசலை ஒட்டி ஒரு பாய், உள்பக்கம் இன்னொரு பாய், இவளுடையது, அதற்கப்பால் வெறும் தரை, வேறு யாரும் இல்லை. அப்படியே ஷோரூம் தரையில் உட்கார்ந்துவிட்டாள். குடையோடு வந்தவர் கனவில்லை, அப்பா வந்திருக்கிறார், நேரத்தோடுதான் வந்திருக்கிறார், கூட்டிக்கொண்டு போயிருந்தால் ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பார், பிழைத்திருப்பாள், இந்நேரம் எங்கேயோ பேரன் பேத்தியோடு இருந்திருப்பாள், அவளே அப்பாவைத் திருப்பி அனுப்பியிருக்கிறாள், நீங்க போங்கப்பா, இவ எந்திரிச்சு உக்காரட்டும். அடிப் பாவி, உன்னை யார் இருக்கச் சொன்னது.

பர்னபாஸ் வந்தார், மேடம் என்ன கீழ உக்காந்துட்டீங்க, உடம்பு சரியில்லையா, கிளி என்ன ஆச்சு, எப்படி அடிக்கிறது. எல்லாத்தையும் நேராவே அடிங்க சார், அசல்ல அப்படித்தான். அப்ப இந்தத் திரும்பின கிளி, வாசலப் பாக்குறது, அது கற்பனையா. இல்ல சார், அது இருந்துச்சு, ஆனா வாசலப் பாக்கல, என்னப் பாத்துது, என்றாள். அவருக்கு ஒன்றும் புரியவில்லை, தண்ணீர் கொண்டுவரப் போனார். பூங்கோதை எழுந்தாள், சுவர் முழுக்கக் கிளிகள் இன்னும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தன, அவள் மெல்ல நடந்து போய் அந்த வாசலில் நின்றுகொண்டாள்.