இடது கைக்கு வந்த யோகம்

அம்சத்தின் இரண்டு முன்கைகளிலும் கரப்பான் குடியேறிப் பல வருடங்களாகிவிட்டன. டாக்டர்கள் அதை எக்ஸிமா என்பார்கள். பெயர் எதுவானால் என்ன, அரிப்பு அரிப்புதான். திருப்பனந்தாள் கடைத்தெருவில் எப்போதோ வாங்கிய ஒரு களிம்பைத் தடவினால் சட்டென்று அமுங்கும். நிறுத்தினால் முன்னைவிட உக்கிரமாகத் திரும்பி வரும். அவளும் அதை விடவில்லை, அதுவும் அவளை விடவில்லை.

அரிப்பைக்கூட அவள் பொறுத்துக்கொண்டாள். ஊரில் எந்த விசேஷமானாலும் பந்தியில் வாளியைத் தூக்கிக்கொண்டு முதலில் இறங்குகிறவள் அம்சம்தான். யாருக்கு எது பிடிக்கும், யார் வெட்கப்பட்டுக்கொண்டு கேட்காமல் இருப்பார்கள் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. அப்படிப்பட்டவளிடமிருந்து ஒரு காதுகுத்தில் சொந்தக்காரி ஒருத்தி, "நீ உக்காருக்கா, நாங்க பாத்துக்கிறோம்" என்று வாளியை இதமாக வாங்கிக்கொண்டாள். கண்ணெல்லாம் அம்சத்தின் கை மேல்தான். இதமாக வாங்கினால் வலிக்காது என்று யார் சொன்னது? அது ஒட்டிக்கொள்ளும் நோயே அல்ல. ஆனால் அதை வீடு வீடாகப் போய்ச் சொல்லவா முடியும்? அதற்குப் பிறகு அவள் பந்திப் பக்கமே தலைகாட்டவில்லை.

இப்போது மகள் எழில்மொழிக்கு ஆவணியில் முகூர்த்தம் குறித்தாகிவிட்டது. சம்பந்தி வீட்டாருக்குப் பெண்ணைப் பெற்றவள்தான் தன் கையால் முதல் கரண்டி சாம்பார் ஊற்ற வேண்டும். அது அவர்கள் வகையறாவின் வழக்கம். அந்த ஒரு கரண்டியை மட்டும் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை என்று அம்சம் முடிவு செய்தாள். புருஷன் சாமிதுரையை இழுத்துக்கொண்டு கும்பகோணத்துக்குத் தோல் டாக்டரிடம் போனாள்.

டாக்டர் ஷோபனா பழைய களிம்பைப் பார்த்ததும் உதட்டைப் பிதுக்கினார். "இது ஸ்டீராய்டும்மா. வருஷக்கணக்கா போட்டா தோலைத் தேய்ச்சிடும். அரிப்பைக் குறைக்க வேற வழி இருக்கு. வாரத்துக்கு மூணு நாள் இங்க வந்து லைட் வெளிச்சத்துல கையைக் காட்டலாம். மாத்திரை இருக்கு, ஆனா அடிக்கடி ரத்தம் எடுத்துப் பாக்கணும். ஊசியும் இருக்கு, விலை ஜாஸ்தி. உங்களுக்குக் கையில மட்டும்தானே, ஸ்டீராய்டு இல்லாத இந்தக் களிம்பையே முதல்ல பாப்போம். ரெண்டு கையிலயும் போடுங்க. மொத வாரம் எரியும், பயந்துடாதீங்க."

பஸ்ஸில் சாமிதுரை எல்லாவற்றையும் நெல் ரகம் மாதிரி அலசினார். "லைட்டு வைத்தியம், வயலே கதின்னு கெடக்கச் சொல்ற ரகம். மாத்திரைக்கு மேற்பார்வை ஜாஸ்தி. ஊசி மிராசுதாருக்குத்தான் கட்டுப்படியாகும். களிம்புதான் நமக்கு ஏத்த ரகம்."

வீட்டுக்கு வந்து தடவிப் பார்த்தால், மிளகாய் அரைத்த கை மாதிரி எரிந்தது. அம்சத்துக்குச் சந்தேகம் வந்துவிட்டது. புது விதை வந்தால் சாமிதுரை ஒருநாளும் வயல் முழுக்க விதைத்ததில்லை. உதவாத மூலை ஒன்றில் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் மற்ற இடத்துக்குக் கொண்டுபோவார். அவளும் அதையே செய்தாள். வலது கைக்குப் பழைய களிம்பு. புதியது இடது கைக்கு மட்டும். போனால் போகிறது, இடது கைதானே. யாரிடமும் மூச்சு விடவில்லை.

ஆனி பிறந்தபோது இடது கை பளிச்சென்று தெளிந்துவிட்டது. வலது கையோ ஒருநாள் அடங்கினால் மறுநாள் சிவந்தது. தோல் வெங்காயச் சருகாக மெலிந்து, குடம் லேசாக இடித்தால்கூட நீலம் பாரித்தது. பரீட்சையில் ஜெயித்த பெருமையோடு அம்சம் இரண்டு கைகளையும் டாக்டரின் மேசைமேல் வைத்து நடந்ததைச் சொன்னாள். ஷோபனா கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார்.

"ஆராய்ச்சி பண்றவங்களும் இப்படி ஒரு கைக்கு ஒண்ணு போட்டு ஒப்பிட்டுப் பாக்கிறது உண்டு. ஆனா அவங்க டாக்டர்கிட்ட சொல்லிட்டுச் செய்வாங்கம்மா."

சாமிதுரை மட்டும் சிரிக்கவில்லை. "அது சரி. சம்மந்திக்கு எந்தக் கையால ஊத்துவே?"

அம்சத்துக்கு அப்போதுதான் உறைத்தது. இடது கையால் ஊற்றினால் சம்பந்தி வீடு இலையை விட்டே எழுந்துவிடும். ஊற்ற வேண்டிய கையை விட்டுவிட்டு, ஒன்றுக்கும் உதவாத கையை அழகாக்கி வைத்திருக்கிறாள். சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. "ஆவணிக்குள்ள சரியாயிடுமா டாக்டர்?" என்றாள்.

"வலது கையிலயும் புதுசைப் போட்டுக்கிட்டே, பழசைக் கொஞ்சம் கொஞ்சமா விட்டாகணும். விடும்போது கோவிச்சுக்கும். சத்தியம் பண்ண மாட்டேன். சோப்பு, சேறு ரெண்டுலயும் கை படக் கூடாது."

கோபித்துக்கொள்ளும் என்றது குறைத்துச் சொன்னதுதான். வலது கை ஆடி பாதி வரைக்கும் ரகளை செய்தது. வீட்டில் மீன் சட்டி முதல் இட்லித் தட்டு வரை சாமிதுரையே தேய்த்தார். ஊர் கேலி செய்ததற்கு, "எங்க வீட்டு ராணி கை வைக்கக் கூடாது" என்று இன்னும் சத்தமாகத் தேய்த்தார். குறுவை நடவில் அம்சம் சேற்றில் இறங்காமல் வரப்பில் நின்று வாயாலேயே நட்டாள். ஆடி முடியும்போது கை மனசு மாறியது.

ஆனாலும் கல்யாணத்தன்று மணிக்கட்டுக்கு மேலே இரண்டு சிவப்புத் திட்டுகள் பாக்கி. முழுக்கை ரவிக்கை போட்டுக்கொள்ளச் சொன்னாள் மகள். "மறைச்சு ஊத்துற சாம்பார் எனக்கு வேணாம்டி" என்றாள் அம்சம். சொல்லிவிட்டாளே தவிர, பந்தியில் வாளியைத் தூக்கியபோது முந்தானையை மணிக்கட்டு வரை இழுத்து, பிறகு தானே விலக்கிவிட்டாள்.

முதல் இலையில் மாப்பிள்ளையின் அம்மா மேகலா. இலையில் சோறு விழுந்திருந்தது. அம்சம் கரண்டியை முகந்து நீட்டினாள். மேகலாவின் பார்வை அந்த மணிக்கட்டில் போய் நின்றது. அவள் கை இலைக்கு மேல் எழுந்தது.

அம்சத்தின் கரண்டி அந்தரத்தில் நின்றுவிட்டது.

எழுந்த கை சோற்றுக்குள் இறங்கி நடுவில் ஒரு பள்ளம் பறித்தது. பள்ளத்தை அகலமாக்கி, சுற்றிலும் கரையைத் தட்டி உயர்த்தியது.

"ஊத்துங்க சம்மந்திம்மா. கை எப்படி இருக்கு, இப்ப தேவலையா? பாத்துப் பாத்து ஊத்தாதீங்க, காலையிலேருந்து பட்டினி."

அம்சம் ஊற்றினாள். கண் கலங்கி இலையே தெரியவில்லை, இருந்தாலும் ஊற்றினாள். பள்ளம் நிரம்பியது. இன்னொரு கரண்டியும் ஊற்றினாள். கரை உடைந்து சாம்பார் பொரியல் வரைக்கும் பாய்ந்தது. மூன்றாவது கரண்டியை அவள் முகந்தபோதுதான் மேகலாவின் இரண்டு கைகளும் பதறிப்போய் இலைக்குக் குறுக்கே வந்தன. "போதும் தாயி, போதும்."